சிரிப்பு ஷாட்

சடையப்பன் செத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி கன்னியம்மா கேட்கிற முதல் கேள்வி, "சிரிச்சியா?" என்பதுதான். சாப்பாடு, சம்பளம் எல்லாம் அப்புறம்.

நாற்பது வருஷமாகச் சினிமாவில் செத்துக்கொண்டிருப்பவர் அவர். வாட்ச்மேன், கதாநாயகியின் அப்பா, நல்ல ஏட்டு என்று எந்த வேஷம் கட்டினாலும் இடைவேளைக்குள் ஆளை முடித்துவிடுவார்கள். வள்ளூரில் பஸ் ஏறினால், "செத்துப் போவீங்களே, அவருதானே நீங்க?" என்று பக்கத்து சீட்காரர்கள் ஆசையாகக் கை கொடுப்பார்கள். பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. பாவி மனுஷனுக்கு அதிலும் ஒரு பெருமை. ஆனால் பிணமாகப் படுத்தவரை எழுப்பி, கேமரா முன்னால் ஒருமுறை சிரிக்க வைத்துத்தான் அனுப்புவார்கள். நடித்த சாவு நிஜத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற வழக்கம். அந்தச் சிரிப்பை நம்பித்தான் கன்னியம்மா இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அன்று எளாவூரில் ஷூட்டிங். லாரி டிரைவராக ரோட்டோரம் செத்துக் கிடக்க வேண்டும். சாயங்காலம் ஈரச் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"மழை வந்துட்ச்சிம்மே. கேமராவ மூடிக்கினு எல்லாம் வேன்ல ஏறிட்டாங்க."

"அப்போ சிரிக்கவேயில்லியா? வாயத் தொறந்து கேக்கிறதுக்கு இன்னா கேடு?"

"கேட்டேன். யார் காதுலயும் வுழல."

மறுநாள் காலை அவர் நாஷ்டாவைத் தொடவில்லை. பெரியபாளையத்து அம்மனிடம் கூட்டிப் போகலாம் என்று ரோட்டுக்கு வந்தால், அவர் கை காட்டிய ஷேர் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. அவள் கை நீட்டினாள், உடனே நின்றது. "ஒரு ஆளாம்மா?" என்றான் டிரைவர். பக்கத்தில் முழு மனுஷன் நிற்கிறார்! கண்ணு அவிஞ்சு போச்சா என்று அவள் கத்திய பிறகுதான், "ஐயோ, பெரியவர பாக்கலம்மா" என்றான். அதற்கு மேல் அவரைக் கூட்டத்துக்குள் கொண்டுபோக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டுக்கே திரும்பினார்கள்.

உதவி டைரக்டர் ராபினுக்குப் போன் போட்டாள்.

"ஷாட் சூப்பரா வந்துக்குதும்மா. ஐயா மூச்சே உடல. கிட்ட போய்ப் பாத்தேன், நெஞ்சு ஏறவேயில்ல. நானே பயந்துட்டேன்!" என்று மெச்சினான். சிரிப்பு ஷாட்டைக் கேட்டதும், அடுத்த படத்தில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வருகிறது, நாசமாய்ப் போக!

மத்தியானம் கூடத்தில் பாயை விரித்தாள். செல்போனைக் கையில் எடுத்தாள்.

"படுய்யா. செத்துட்டு சிரி. நானே எடுக்கிறேன்."

படுத்தார். எவ்வளவு சுலபமாகச் செத்தார்! தாடை தளர்ந்தது, விரல்கள் விரிந்தன, முகத்தை விட்டு ஆள் இறங்கிப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் சாவதை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை.

"போதும். சிரிய்யா."

ஒன்றுமில்லை. பிறகு உதடு மெல்லப் பிரிந்தது. பல் தெரிந்தது. சிரித்துவிட்டார்! கன்னியம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பாடா! கட்! எந்திரி, சோறு போட்றேன்."

சிரிப்பு அப்படியே இருந்தது.

"கட் சொல்லிட்டேன்ல? எந்திரிய்யா."

ஓர் ஈ வந்து அவருடைய முன்பல்லில் உட்கார்ந்து, நிதானமாகக் கால்களைத் தேய்த்தது.

கன்னியம்மா செல்லைக் கீழே இறக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை இது நடிப்புதானே.

"அவசரமில்லய்யா," என்றாள். "இன்னும் கொஞ்சம் சிரி."