ஏழாம் நம்பர் கிணறு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால், முதலில் வடிவம்மாள் மேல், அப்புறம் ஆபீஸ் மேல் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது 1989. எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்த வரிசை சரியில்லை என்று படுகிறது.

முதல் தொடக்கம்: "மேற்கே மலையில் சாரல் இறங்க, தென்காசிக் கோபுரம்..." சீ. இந்தச் சீமையைப் பற்றி எழுதினாலே சாரலை இழுக்காமல் ஒருத்தனுக்கும் கை வராதா?

இரண்டாவது தொடக்கம்: "ஹரிஹரசுப்பிரமணியன் நேர்மையான ஊழியன்." எழுதிய கையோடு அடித்துவிட்டேன். ஹரிஹரசுப்பிரமணியன் நான்தான்.

2

விஷயம் இதுதான். நிலத்தடி நீரைச் சோதிக்கிற ஆபீஸில் எனக்கு வேலை. தென்காசிக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. (பேர் சொல்லமாட்டேன். கேட்காதீர்கள்.) குழியில் ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் இறைத்தார்கள். ஓடையை ஒட்டி வடிவம்மாளின் கிணறு. எங்கள் ரெஜிஸ்டரில் அது ஏழாம் நம்பர். தண்ணீர் கரிக்கிறது, பருப்பு வேகவில்லை, எலுமிச்சை கருகுகிறது என்று மனுப் போட்டதே அவள்தான். மாதம் ஒரு பாட்டில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும்படி எனக்கு உத்தரவு வந்தது. கிணறு கெட்டது ருசுவானால் குவாரி இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி கிடைக்காது. ருசுவாகாவிட்டால் தோண்டுவார்கள், கிணறு போகும், அதை நம்பியிருக்கிற ஒன்றரை ஏக்கரும் போகும்.

பத்தொன்பது மாதம் அனுப்பினேன். பத்தொன்பதும் நல்ல தண்ணீர்.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். குவாரி மேனேஜர் காந்திமதிநாதனுக்கு மீசை வைத்து, பாட்டிலை மாற்றச் சொல்லி எனக்கு ஆசை காட்டுவதாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. மனுஷர் நிஜத்தில் மரியாதைக்காரர், என்னைக் கண்டால் நாற்காலி போடச் சொல்லுவார். நாங்கள் சொன்னால் எவன் நம்பப்போகிறான், உங்கள் ரெஜிஸ்டர்தான் எங்களுக்குச் சாட்சி என்பார். அதில் ஒரு பொய்யும் கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

4

நான் வேலை பார்த்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். காலை பஸ்ஸை ஒரு நிமிஷம் நிறுத்தி, காலி பாட்டிலை வடிவம்மாள் கையில் கொடுத்துவிட்டு, அதே பஸ்ஸில் வீரகேரளம்புதூர் போய் மற்றக் கிணறுகளைப் பார்ப்பேன். திரும்பும்போது நிரம்பிய பாட்டிலை வாங்கிக்கொள்வேன்.

[விதிப்படி நானே இறைக்கணும், நானே மூடணும், நானே சீட்டு ஒட்டணும். ஆனால் அடுத்த பஸ் மூன்று மணி நேரம் கழித்து. விதியை எழுதியவர் அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் இல்லை.]

1982 நவம்பரில் பஸ் இரண்டு மைலில் படுத்துவிட்டது. நடந்து திரும்பி வந்தேன். தாகம் தாங்காமல் ஏழாம் நம்பர் கிணற்றில் நானே இறைத்து வாயில் வைத்தேன். வைத்த வேகத்தில் துப்பினேன். அந்தப் பக்கம் வீட்டு வாசலில் அவள் புருஷன் குற்றாலிங்கம் சைக்கிளிலிருந்து ஒரு குடத்தை இறக்கி வைத்திருந்தான். அதிலிருந்து என் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள் வடிவம்மாள்.

ஐந்தருவித் தண்ணீர். நான் வருகிற தேதிக்கு மாதாமாதம் விடியுமுன்னே அவனைக் குற்றாலத்துக்கு விரட்டியிருக்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி.

"ஆபீஸ்ல பெரிய ஆளுவ வாயில வச்சுப் பாப்பாவன்னுல்லா சார் நெனச்சேன். அந்தக் கரிப்புத் தண்ணியவா குடுத்து அனுப்புவேன்? எங்க வீட்டுக்குன்னு ஒரு மரியாதி இருக்குல்லா."

மனுப் போட்டவளே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்! தலையில் அடித்துக்கொண்டேன். [லேபிலிருந்து ஒருமுறை, இது கிணற்றுத் தண்ணீர்தானா, இத்தனை சுத்தமாக இருக்கிறதே என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.]

விளங்கச் சொன்னதும் குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"எந் தப்புன்னே எழுதிருங்க சார். எம்பேரப் போட்டே எழுதுங்க. கெணறு நின்னாப் போதும்."

5

இருபதாவது பாட்டிலை நானே நிரப்பினேன். மனிதர் குடிக்க லாயக்கில்லை என்று முடிவு வந்தது. பத்தொன்பது நல்லது, ஒன்று கெட்டது, இது எப்படி என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார். வியாழக்கிழமை விசாரணை.

அவள் பேரில் எழுதினால், பத்தொன்பதில் கைவைத்தவள் இருபதாவதிலும் வைத்திருப்பாள் என்று காந்திமதிநாதன் சொல்லுவார். மனு அத்தோடு செத்தது. பாவி, அது தெரியாமல்தான் தன் பேரைக் கொடுத்தாள். என் பேரில் எழுதினால், "பத்தொன்பது மாதமும் நான் இறைக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். அத்தனையும் செல்லாது, இருபதாவது நிற்கும். என் வேலை நிற்காது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வேலை நிரந்தரமாக ஆறே வாரம் பாக்கி.

6

முடிவு அ: அந்த வரியை எழுதினேன். வேலை போனது, கிணறு பிழைத்தது.

முடிவு ஆ: எழுதினேன். மேலதிகாரி என் நேர்மையை மெச்சி... (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இ: எழுதினேன். தபால் ஒருநாள் தாமதமாகி, ஐயோ, விசாரணை முடிந்துவிட்டது.

மூன்றிலும் நான் நல்லவனாகவே இருக்கிறேன். அதனால் மூன்றையும் அடித்துவிட்டேன். நான்காவதை எழுத உட்கார்ந்தால், "புதன்கிழமை சாயங்காலம் நான்" என்பதற்கு மேல்

போதும். உங்களுக்கு முடிவுதானே வேண்டும்? வடிவம்மாள் இப்போது கடையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள், பீடி சுற்றுகிறாள் என்று கேள்வி. அவளைப் போய்க் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்லுவாள். தென்காசியிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது. ஏழு வருஷமாக நான்தான் ஏறவில்லை.