முழுசா என்ன சொன்னீங்க?

பாடாலூரில் சென்னை ரோட்டோரம் பிரவீணா மக்காச்சோளம் சுட்டு விற்க ஆரம்பித்து எட்டு வருஷமாகிறது. ஒரு தள்ளுவண்டி, கரி அடுப்பு, பெரிய குடை, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த டப்பா. திருச்சிக்கும் சென்னைக்கும் போகிற கார்க்காரர்கள் நிறுத்தி வாங்குவார்கள். அவளுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்திதான். ஆனால் முத்தின கதிரை யார் தலையிலும் கட்டமாட்டாள். "இது பல்லுக்கு வேலை சார், அஞ்சு நிமிசம் நில்லுங்க, வேற சுட்டுத் தரேன்" என்று அவளே சொல்லிவிடுவாள்.

சட்டமன்றத் தேர்தல் அறிவித்த இரண்டாவது வாரம், நல்ல மதிய வெயிலில், டிவிக்காரர்கள் அவள் குடை நிழலுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு சேனல், இரண்டு மைக். உங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வருகிறதா என்று கேட்டார்கள். பிரவீணா விசிறியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகவே பதில் சொன்னாள்.

"வருது சார். நாலு வருசம் முன்னாடி சொட்டுத் தண்ணி கெடையாது, கொடத்தத் தூக்கிட்டு அலைஞ்சோம். இப்ப வூட்டு வாசல்லயே குழாய் இருக்கு, அதையும் சொல்லணும்ல? ஆனா வாரத்துல ரெண்டு நாள்தான் வருது. மேட்டுத் தெருவுக்குச் சுத்தமா ஏறவே மாட்டேங்குது. யாரு ஜெயிச்சாலும் மொதல்ல அந்தத் தெருவுக்கு ஏத்துங்க."

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் டிவியைப் போட்டால், ஒரு சேனலில் சோக இசைக்கு நடுவே அவள் முகம். "கொடத்தத் தூக்கிட்டு அலைஞ்சோம்... ஏறவே மாட்டேங்குது." கீழே 'குமுறும் பெண்' என்று எழுத்து ஓடியது. இன்னொரு சேனலில் அதே முகம், அதே குடை. "இப்ப வூட்டு வாசல்லயே குழாய் இருக்கு, அதையும் சொல்லணும்ல?" அங்கே அவள் 'மகிழ்ச்சியில் திளைக்கும் தாய்மார்'களில் ஒருத்தி.

விடிந்ததும் முதல் ஆளாக வந்தவர் பிச்சைமுத்து. பிரவீணாவின் புருஷன் அறிவழகனுக்கு அண்ணன். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். வாசலில் நின்றே சத்தம் போட்டார். "நம்ம ஆட்சியில போட்ட குழாயில தண்ணி குடிச்சிட்டு, நம்மளையே ஊரு பூரா நாறடிச்சிட்டியே!"

"நான் முழுசா சொன்னேன் மாமா. அவன் பாதிய வெட்டிட்டான்."

"சொல்லாததையா போட்டான்? உன் வாய்தான அது?"

அவர் போன பிறகு மேட்டுத் தெரு பெரியம்மாள் வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். தண்ணீர் வருகிற நாளெல்லாம் பத்து நிமிஷமாவது நின்று பேசிவிட்டுப் போகிறவள், குடத்தை நிரப்பித் தூக்கும்வரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: "உன் வாசல்ல குழாய் இருக்கு, நீ டிவியில சிரிக்கிற. சிரி."

இரண்டு பக்கமும் அடி விழுந்தால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது? "இனிமே ஓட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றாள் அறிவழகனிடம். "எவன் வந்தா நமக்கென்ன? எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான்." அறிவழகன் டிராக்டர் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். "கோவத்துல முடிவு பண்ணாத" என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது நாள். கரியை விசிறிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று இன்னொரு பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. போன மாதம் செல்போனில் வந்த வீடியோ. லப்பைக்குடிக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஹஃபீசா என்று பெயர் போட்டிருந்தது. தலையில் முக்காடு போட்ட அந்த அம்மா "அந்த ரோடு எங்களுக்கு வேணாம்" என்று சொல்வார். அவ்வளவுதான் வீடியோ. பிரவீணா அதைத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பி, 'இவங்களுக்கெல்லாம் நல்லது செஞ்சாலும் ஆகாது' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள். நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

விசிறி நின்றுபோனது. என் பேச்சை இரண்டு துண்டாக வெட்டினார்கள் என்றால், அந்த அம்மா பேச்சை எத்தனை துண்டாக வெட்டினார்களோ? அதை நான் ஒரு நிமிஷமாவது யோசித்தேனா? கார்க்காரர் ஒருவர் "ஏம்மா, கருகுது பாரு" என்று சொன்ன பிறகுதான் கதிரைத் திருப்பினாள்.

மறுநாள் அவள் வண்டியைத் தள்ளவில்லை. பெரம்பலூருக்குப் போய் பஸ் மாறி லப்பைக்குடிக்காட்டில் இறங்கினாள். கடைவீதியில் விசாரித்தபோது இரண்டு பேர் ஏற இறங்கப் பார்த்தார்கள். மூன்றாமவர் கையைக் காட்டினார். நைட்டியும் துப்பட்டாவும் தொங்கும் சின்னக் கடை. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஹஃபீசா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, என்ன பாக்குறே?"

"துணி எடுக்க வரலக்கா. நான் பாடாலூர். உங்கள வீடியோவுல பாத்துட்டு வரேன்."

ஹஃபீசாவின் முகம் சட்டென்று இறுகியது. "திட்டணும்னா திட்டிட்டுப் போம்மா. போன்லயே நெறைய பேரு திட்டியாச்சு."

"நானும் திட்டினவதான்க்கா. உங்க வீடியோவ எங்க தெருவுக்கு அனுப்பினது நான்தான். அது தப்பு. இப்ப ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அன்னிக்கு முழுசா என்ன சொன்னீங்க?"

ஹஃபீசா கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்தார். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. சவுதியில இருக்கிற எம்மவன்கூட 'ஏம்மா அப்படிச் சொன்னே'ன்னுதான் கேட்டான். என்ன சொன்னேன்னு கேக்க உன்னத் தவிர ஒருத்தரும் வரலம்மா, அல்லாஹ் சாட்சியா."

அவர் சொன்னது இதுதான். ரோடு வேண்டுமென்று மனு கொடுத்ததே கடைவீதிக்காரர்கள்தான். ஆனால் வடிகால் கட்டாமல் ரோட்டை மட்டும் உயர்த்திப் போட்டால், மழைத்தண்ணீர் முழுக்கப் பின்னால் இருக்கும் தெருவுக்குள் இறங்கிவிடும். "மொதல்ல வடிகால் கட்டுங்க, அப்புறம் ரோடு போடுங்க. தண்ணிய எங்க வூட்டுக்குள்ள விடுற அந்த ரோடு எங்களுக்கு வேணாம். இம்புட்டும் சொன்னேன்மா. கடைசி நாலு வார்த்தைய மட்டும் புடிச்சுக்கிட்டான்."

பிரவீணா தன் போனை எடுத்தாள். "இதையே இன்னொரு தடவ சொல்றீங்களா? வெட்டாம அனுப்புறேன். மொகம் தெரிய வேணாம்னா குரல மட்டும் எடுக்கறேன்."

"மொகத்தோடயே எடு" என்றார் ஹஃபீசா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு. "அன்னிக்கு மொகத்தோடதான போட்டாங்க?"

பேசி முடித்து டீ குடிக்கும்போது ஹஃபீசா தணிந்த குரலில், "இந்தத் தடவ ஓட்டுப் போடப் போறதில்லன்னு இருக்கேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்க்கா. பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். நாம வாய மூடிக்கிட்டா, அவங்க வெட்டி வெச்சதுதான் நம்ம பேச்சுன்னு ஆயிடும். அத ஏன் விடணும்?"

வீட்டுக்கு வந்ததும் வீடியோவைத் தெரு குரூப்பில் போட்டாள். கூடவே, 'போன மாசம் நான் அனுப்பினது அரைகுறை. விசாரிக்காம அனுப்பினது என் தப்பு. இது முழுசு, பாருங்க' என்று எழுதினாள். இரண்டு பேர் குரூப்பை விட்டே போனார்கள். பிச்சைமுத்து போன் போட்டார்.

"எந்தக் கட்சிக்காரன் உன்ன அங்க கூட்டிட்டுப் போனான்?"

"கவர்மெண்டு பஸ்ஸுதான் மாமா கூட்டிட்டுப் போச்சு."

மறுநாள் காலையில் பெரியம்மாள் வந்தாள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, "அப்ப உன்னோடதும் வெட்டினதுதானா?" என்று கேட்டாள். பிரவீணா அன்று சொன்னது முழுவதையும் சொன்னாள். பெரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தெருவுக்குத்தான் கேட்டியா நீ?" அதற்கு மேல் சமாதானப் பேச்சு தேவைப்படவில்லை.

ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று பிரவீணாவும் மேட்டுத் தெருப் பெண்களும் முடிவுசெய்தார்கள். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏன் ஏறவில்லை? மாலையோடு ஜீப்பில் வந்த ஒருவர், போன ஆட்சிக்காரர்களைத் திட்டிவிட்டுக் கும்பிட்டபடி நகர்ந்தார். அடுத்தவர், இந்த ஆட்சி ஒழிந்தால் தானாக ஏறும் என்றார். மூன்றாவதாக நடந்தே வந்தவர், "எனக்குத் தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே பிரவீணாவுக்குப் போன் போட்டார். மோட்டார் அழுத்தம் அந்த மேட்டுக்குப் போதாதாம்; அங்கே தனியாக ஒரு தொட்டி கட்டினால்தான் ஏறுமாம்.

பிரவீணா அதையும் உடனே நம்பிவிடவில்லை. தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டர் ஐயாக்கண்ணுவைத் தேடிப்போய்க் கேட்டாள். "ஆமா, அதான் விசயம்" என்றார் அவர். "என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல."

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்து வரிசையில் அவள் ஒன்றரை மணி நேரம் நின்றாள். பிச்சைமுத்து வாசலிலிருந்து கண்ணைக் காட்டினார். அவள் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பட்டனை அழுத்தினாள். அது முழுக்க முழுக்க அவள் யோசித்து எடுத்த முடிவு. யாருக்குப் போட்டாள் என்று அறிவழகனிடம்கூடச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சாயங்காலம் ஹஃபீசா போனில் கூப்பிட்டு, "போட்டுட்டேம்மா" என்று ஒரே வார்த்தை சொன்னார். இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்கள்.

அவள் ஓட்டுப் போட்டவர் ஜெயிக்கவில்லை. வாக்கு எண்ணிக்கை அன்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மறு வாரமே ஜெயித்தவரின் ஆபீசுக்குப் பெரியம்மாளையும் இன்னும் பதினோரு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள். தொட்டி எங்கே வேண்டும், எத்தனை வீடு, மோட்டார் எவ்வளவு தூரம் என்று எல்லாம் மனுவில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கல்லாம் நமக்கா ஓட்டுப் போட்டீங்க?"

"அது பொட்டிக்குள்ள இருக்கு சார்" என்றாள் பிரவீணா. "மனு உங்க கையில இருக்கு. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கையெழுத்துப் போட்டார். அதைக் காட்டி அவர்கள் மூன்று முறை அலைந்தார்கள். ஆவணி மாதம் டேப்போடு இரண்டு பேர் தொட்டிக்கு அளவெடுக்க வந்தபோது, மேட்டுத் தெருவே கூடிவிட்டது. அவர்கள் குச்சி நட்ட இடத்தைப் பார்த்துப் பெரியம்மாள் குரல் கொடுத்தாள்: "தம்பி, அங்க அடியில பாறை. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் வாங்க, மண்ணு எளகிக் கெடக்கு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, குச்சியைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டார்கள்.