ஏழாம் கட்டத்துச் சிவப்பு

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்திலிருந்து ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேன் கிளம்பும். பார்க்க வேண்டியவை மொத்தம் பதினொரு சுவர்கள். எங்கள் தையல் குழுவில் பதினொரு பேர். அவரவர் வீட்டு ஒட்டுத்துணிப் போர்வையிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்து, அவரவர் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் ஆள் உயரத்துக்குப் பெயிண்டால் வரைந்திருக்கிறோம். பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டுவது என் வேலை.

அந்த ஞாயிறு முகேஷ்குமார் தன் தாய்மாமன் சடையாண்டியை அழைத்து வந்திருந்தான். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் முகேஷும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்து இரண்டு வருடமாகிறது. அவன் வீட்டில் மாமா சொல்வதுதான் முடிவு. மாமாவுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியும். முகேஷுக்குச் செவ்வாய் தோஷம். பெண்ணுக்கும் அதே தோஷம் இருந்தால்தான் கட்டலாம் என்பது அவர் பிடிவாதம். எனக்கோ ஜாதகமே கிடையாது. நான் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. முதலில் ஆளையாவது பார்க்கட்டும் என்று முகேஷ் சொல்லியிருந்தான். நான் யாரென்று மாமாவுக்குத் தெரியாது.

மார்கழிப் பனி தென்னைகளின் இடுப்பளவுக்கு நின்றது. கொடைக்கானல் மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட காலையில் சுவர் தெரிவதற்கு முன்பே அதன் நிறம் வந்துவிடும். மல்லிகைத் தோட்டத்தின் மேல் ஒரு மஞ்சள் மிதந்து வரும். நெருங்க நெருங்க எட்டிதழ்ப் பூவாகும். கடைசியில்தான் அதற்குப் பின்னால் மோட்டார் ரூம் முளைக்கும்.

"என்ன, அம்புட்டுப் பேரும் உறங்கிட்டீகளா? அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்ல?" என்றார் எங்கள் குழுத் தலைவி காதர் பீவி.

"உறங்கலத்தா. சொப்பனத்துக்குள்ள போறாப்புல இருக்கு. அதான் வாய் வரல" என்றார் சடையாண்டி.

ஆறாவது சுவர் எங்களுடையது. என் அம்மா பேச்சாயி தைத்த போர்வையின் கட்டம்: நடுவில் பெரிய வெள்ளைச் சதுரம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு சிறு சதுரங்கள். மேலே இடது மூலைச் சதுரத்தில் மட்டும் குறுக்கே ஒரு தையல் கோடு.

சடையாண்டி இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவருக்கு முன்னால் நின்றார்.

"ஏலே முகேசு, இங்க வா. மூலையில கோடு போட்டிருக்கு பாரு, அதான் லக்கனம். ஒண்ணு, ரெண்டு, மூணு..." விரல் சுற்றி வந்து கீழே வலது மூலையில் நின்றது. அங்கே சிவப்பு. "ஏழுல செவ்வா! அச்சு அசல் உனக்கு இருக்குற மாதிரியே. யாரு வீட்டுப் புள்ள ஜாதகம்லே இது?"

"இந்தா நிக்கிறாளே தேவதர்ஷினி, இவுக வீட்டுச் சுவருதான்" என்று காதர் பீவி முந்திக்கொண்டார். "இன்னும் கல்யாணம் ஆகல."

சடையாண்டி என்னை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். "உன்னுதா தாயி? ஊரே தோசத்த மறைக்குது. நீங்க ரோட்டுல போறவன் பாக்க எழுதி வச்சிருக்கீக! நாலு வருசமா இதத்தான் தேடுறேன்."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து முகேஷ் மெதுவாகத் தலையசைத்தான். சொல்லாதே என்று. நான் பேசாமல் நின்றாலே போதும். பனிக்குள் சுவர் கொஞ்சம் முன்னால் வந்து போவது போலிருந்தது. அந்தச் சிவப்பு நிஜமாகவே வானத்திலிருந்து இறங்கி அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. இந்தப் பொய்யோடு இவரை நாளைக்கு மாமா என்று கூப்பிட வேண்டுமே என்று நினைத்தேன்.

"ஐயா, அது ஜாதகம் இல்ல. போர்வை."

"போர்வையா?"

"எங்கம்மா தச்சது. கோடு, துணி பத்தாம ஒட்டுப் போட்டது. செகப்பு, எங்கத்தை கட்டிக் கிழிச்ச சேலை. எனக்கு ஜாதகமே கெடையாது."

"அடிப் பாவி" என்றார் காதர் பீவி, வாய்க்குள்.

சடையாண்டி செருப்பை மாட்டிக்கொண்டார். மிச்சம் ஐந்து சுவர்கள். ஒவ்வொன்றிலும் அவர் இறங்கி எண்ணிப் பார்த்தார். நட்சத்திரம், தேர்ச்சக்கரம், தாமரை. எதிலும் பன்னிரண்டு வரவில்லை. பனி விலகி மலை நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. முகேஷ் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கடைசிச் சுவரில் அவராக என்னிடம் வந்தார்.

"அந்தச் செகப்ப அந்த மூலையில வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலைய்யா. அம்மா கைக்கு வந்தத வச்சுத் தச்சிருக்கு."

"நெசமா?"

"நெசமா."

"பிரசன்னம் பாக்கையில சோழிய உருட்டிவிட்டு, விழுந்த எடத்த வச்சுத்தான் பலன் சொல்லுவோம். யாரும் வைக்காம விழணும். அதான் செல்லும். நீ ஜாதகம்னு சொல்லிருந்தா, பொறந்த நேரம் என்னான்னு கேட்டிருப்பேன். போர்வைங்கிற. அப்ப இதுவும் தானா விழுந்த எடந்தான."

"ஐயா, என் சேலைப் பக்கம் திரும்பிராதீக. இதுலயும் கட்டம் இருக்கு" என்றார் காதர் பீவி. முகேஷ் இருமுவது போலச் சிரிப்பை அடக்கினான்.

சடையாண்டி சிரிக்கவில்லை. "புதன்கிழம வீட்டுக்கு வாரோம், அம்மாகிட்டச் சொல்லு. அந்தப் போர்வைய விரிச்சு வைக்கச் சொல்லு தாயி. அம்புட்டுக் கட்டத்தையும் பாத்துருவோம்."

போர்வையில் இதே மாதிரி முப்பது கட்டங்கள் இருக்கின்றன. மற்றவற்றில் சிவப்பு எந்தெந்த மூலையில் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.