வெள்ளை வேனுக்கு எட்டுத் தட்டு

குப்பைத் தொட்டியைச் சாய்த்தவன் நான்தான், மறுக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில் காரில் 'எல்' அட்டை ஒட்டிக்கொண்டு, மனைவி ஹிலரி பக்கத்தில் இருக்க, இங்கிலாந்தின் ஓல்டம் ஊரில் எங்கள் தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஐஸ்கிரீம் வண்டி பாடிக்கொண்டு நின்றது. பின்னால் வெள்ளை வேனில் வந்த எதிர்வீட்டு பிளம்பர் டெஸ்மண்ட் திடீரென்று ஹாரனை விடாமல் அழுத்தினான். பதறிப்போய் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். தொட்டி உருண்டது. தெருவே சிரித்தது.

"உருண்டது தொட்டிதானே, விடு," என்றாள் ஹிலரி, கைப்பைக்குள் மிட்டாய் தேடியபடி.

விடுவேனா? அன்று மாலை டெஸ்மண்ட் வந்து கதவைத் தட்டினான். சோபாவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். மறுநாளே அவன் வேன் நடைபாதையில் ஏறி நிற்பதைப் படமெடுத்து கவுன்சிலுக்கு அனுப்பினேன். அவனுக்கு வந்த பார்சலை வாங்கி வைக்க மறுத்தேன். அவன் பூனையை முறைத்தேன், அதுவும் முறைத்தது. நான்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினேன்.

இந்த லட்சணத்தில் லைசன்ஸுக்கான கணினித் தேர்வு வந்தது. நான் வேலை பார்க்கும் பேக்கரி, பஸ் போகாத இடத்துக்கு மாறுகிறது. ஈஸ்டருக்குள் லைசன்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை. திரையில் சாலைக் காட்சி ஓடும். ஆபத்து உருவாவது தெரிந்ததும் மவுசைத் தட்ட வேண்டும். கண்டபடி தட்டினால் அந்தக் காட்சிக்குப் பூஜ்யம். ஒரு காட்சியில் வெள்ளை வேன் வந்தது. ஒழுங்காகத்தான் வந்தது, பாவம். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுத் தட்டு தட்டினேன். பூஜ்யம். தேற நாற்பத்துநான்கு வேண்டும், எனக்கு நாற்பத்திரண்டு.

"பரீட்சை ரோட்டப் பத்தியா, டெஸ்மண்டப் பத்தியா?" என்றாள் ஹிலரி.

நேராக அவன் வாசலுக்குப் போனேன். "யோவ், அன்னைக்கு எதுக்குய்யா ஹாரன் அடிச்ச? உன் வேன நெனச்சே பரீட்சையக் கோட்டை விட்டேன்!"

டெஸ்மண்ட் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னாலேர்ந்து ஒம்பதாம் நம்பர் வீட்டு ஈடித் வெளையாட்டு ஸ்கூட்டரத் தள்ளிக்கிட்டு ஓடியாந்துச்சு. வேன் உசரத்துக்கு எனக்குத் தெரிஞ்சுது. சத்தத்துல அதுவும் நின்னுச்சு, நீயும் நின்ன."

ஈடித்துக்கு ஆறு வயது. சனிக்கிழமைதோறும் அவளுக்கென்று ஒரு பன் கொண்டுவருவேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான்யா வந்தேன். கதவுல இருக்குற தபால் ஓட்டை வழியா சோபாவுக்குப் பின்னால உன் வழுக்கைதான் தெரிஞ்சுது." அவன் சிரிக்கவில்லை. "அன்னைக்கு உனக்குப் பழக்கம் பத்தாது, சரி. ஆனா ஒருத்தன மனசுல கறுவிக்கிட்டு வண்டி ஓட்டுனா, ரோட்டுல அவன் ஒருத்தன்தான் தெரிவான். குறுக்க வர்ற புள்ள தெரியாது."