முப்பத்தொன்றாம் எண்ணின் உணவுக் குறிப்பு

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக மாமிசம் சாப்பிட்டவர் இல்லை. இதைப் பினாங்கில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். என் மகன் மோகனராஜ் ஜெகதீஸ்வரியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பியபோது பெண் வீட்டாரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனையும் இதுதான். அவர்கள் ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுகிறவர்கள். பெண் அப்போதே இதய மருத்துவர். "சரி மாமா, விட்டுடறேன்" என்றாள். விட்டுவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு முட்டையைக்கூட அவள் தொட்டதில்லை.

அவள் இதயத்தை ஆராய்கிறாள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அது உண்மை, முழு உண்மை இல்லை. செபராங் ஜெயா மருத்துவமனையில் அவள் வேலை பார்த்த காலத்தில், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி வந்த நோயாளிகள் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அதே வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். ஏன் என்று தேடிப் போனவள் குடலில் போய் நின்றாள். இறைச்சியில் உள்ள ஒரு பொருளைக் குடலில் வாழும் சில கிருமிகள் தின்று வேறொன்றாக்குகின்றன. ஈரல் அதை இன்னொன்றாக்கி இரத்தத்தில் விடுகிறது. அது கூடுதலாக இருக்கும் நோயாளிகள் சீக்கிரம் படுத்துவிடுகிறார்கள். இதை அறிய மலம் வேண்டும். அவளுடைய ஆய்வகத்தின் குளிர்ப்பெட்டி நிறைய அதுதான். ஒரு கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர் "என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்க, பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு பந்திகளில் நானே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன்.

போன ஆண்டு, நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, பிறந்தது முதல் சைவமாக இருக்கும் முதியவர்கள் அவளுக்குத் தேவைப்பட்டார்கள். போதிய பேர் கிடைக்கவில்லை. நான் எங்கள் கோயிலின் சைவச் சங்கத் தலைவர். செயற்குழுவையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆராய்ச்சித் தாதி ஆளுக்கொரு எண் கொடுத்தாள். பெயர் தாதியிடம் இருக்கும்; மருத்துவருக்கு எண் மட்டும்தான் தெரியும். என் எண் முப்பத்தொன்று. இறைச்சியில் உள்ள அந்தப் பொருளைச் செயற்கையாகச் செய்த மாத்திரை விழுங்கினோம், மறுநாள் இரத்தம் கொடுத்தோம், டப்பாவும் கொடுத்தோம். ஏழு நாளுக்கு உணவுக் குறிப்பு எழுதினோம்.

நான் துறைமுகச் சுங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன். பெட்டியில் ஒன்றும் பத்திரத்தில் வேறொன்றுமாகக் கொண்டுவருபவர்களைப் பிடிப்பதே என் வேலை. என் குறிப்பில் புதன்கிழமை மதியத்துக்கு நேராக, 'சோறு, கீரை, கோயில் பிரசாதம்' என்று எழுதினேன்.

புதன்கிழமை மதியம் நான் இருப்பது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். அங்கே, சோற்றின் மேல் பல கறிக்குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் ஹனீபாவின் நாசி கண்டார் கடை. பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிடுவேன். என் மனைவி வடிவம்மாள் இறந்த ஆண்டு தொடங்கியது. ஏழு வருடம் ஆகிறது. காரணம் எழுத வேண்டிய அவசியமில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கெலுகோரில் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பதினோரு ஆண்டு ஆராய்ச்சியில் ஜெகதீஸ்வரியை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"மாமா, உங்க சங்கத்து ஆளுங்கள்ல அஞ்சு பேரு. டைரியில சுத்த சைவம். ப்ளட்ல பார்த்தா ஆட்டுக்கறி சாப்பிடறவங்க மாதிரி ஏறுது! குடல்லயும் அதே கிருமி. இப்படி ஒரு ரிப்போர்ட் நான் எங்கயும் படிச்சதில்ல."

"பொய் எழுதியிருப்பாங்க லா" என்றான் மோகனராஜ்.

"ஒருத்தர்னா அப்படி நினைக்கலாம். அஞ்சு பேருமா? அதுவும் மாமா கூட்டிட்டு வந்த ஆளுங்க! போங்க நீங்க."

நான் சட்னி போட்டுக்கொண்டேன்.

"அஞ்சு பேருக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணுதான் மாமா. மத்தவங்களவிட இவங்க கோயில் பிரசாதம் அதிகமா எழுதியிருக்காங்க. அதுல ஏதோ இருக்கு. அடுத்த மாசம் சிங்கப்பூர் மாநாட்டுல இதத்தான் பேசப் போறேன். அதுக்கு முன்னாடி பஞ்சாமிர்தம் சாம்பிள் எடுக்கணும், நீங்கதான் பெர்மிஷன் வாங்கித் தரணும்." இன்னொரு இட்லியை என் தட்டில் வைத்தாள். "இருக்கறதுலயே ஹை யாரு தெரியுமா? முப்பத்தொண்ணு. அவருக்குத் தனிப் படமே போடறேன்."

புதன்கிழமை ஹனீபாவிடம் கேட்டேன். "நம்ம சங்கத்து ஆளுங்க வேற யாராச்சும் இங்க வர்றாங்களா?"

அவர் கறி வெட்டுவதை நிறுத்தவில்லை. "அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே."

"ஹனீபா."

"திங்க ஒருத்தரு, செவ்வா ஒருத்தரு. புதன் உங்களுக்கு. வெள்ளி தொழுகைக் கூட்டம், யாருக்கும் கொடுக்கறதில்ல. சனி ஒருத்தரு, ஞாயிறு ஒருத்தரு. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டா சங்கடம்ல? நான்தான் நாள் பிரிச்சுக் கொடுத்தேன்."

"எங்கிட்ட, புதன்னா கூட்டம் இருக்காதுன்னு சொன்னீங்களே?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தாண்ணே சொன்னேன். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்துங்க" என்றேன்.

அன்று மாலை மற்ற பதினோரு பேருக்கும் போன் செய்தேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. உணவுக் குறிப்பில் ஏதாவது விடுபட்டிருந்தால், திருத்தி எழுதி, உறையில் வைத்து ஒட்டி, மேலே எண்ணை மட்டும் எழுதி, சங்க அலுவலகத் தபால் பெட்டியில் சேர்க்கலாம் என்றேன். தலைவர் என்ற முறையில் என்னுடையதைத் திருத்திவிட்டேன் என்றும் சொன்னேன். பொருளாளர் மட்டும், "சின்னையா, நீங்களுமா?" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

நான்கு உறை எதிர்பார்த்தேன். ஆறு வந்திருந்தது. கூடுதலாக வந்த இருவர் இரத்தத்தில் பிடிபடாதவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய மருத்துவமனை அறைக்குப் போனேன். வீட்டில் உச்சரிக்கக் கூடிய விஷயம் இல்லை. டை கட்டிக்கொண்டு போனேன். ஏழு உறைகளையும் மேசையில் வைத்தேன். என்னுடையது மேலே இருந்தது. அவள் பிரித்துப் படித்தாள். 'நாசி கண்டார், ஆட்டுக்கறி இரண்டு துண்டு, எல்லாக் குழம்பும் கலந்து' என்று தெளிவாகவே எழுதியிருந்தேன்.

"மாமா, இது உங்க கையெழுத்து."

"ஆமா. முப்பத்தொண்ணு நான்தான்."

அவளுடைய கணினித் திரையில் சிவப்புக் கோடு ஒன்று மற்ற எல்லாக் கோடுகளுக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எத்தன வருஷமா?"

"ஏழு."

"இந்தத் தீபாவளிக்கும் எங்கம்மா ஆட்டுக்கறி வச்சாங்க. எல்லாரும் சாப்பிட்டாங்க. நான் அப்பளம் தொட்டுக்கிட்டு சாம்பார் சாப்பிட்டேன். பன்னெண்டு வருஷம் மாமா."

"தெரியும்."

"தெரியுமா?"

சுங்கத்தில் பிடிபட்டவர்கள் இந்த இடத்தில் நிறையப் பேசுவார்கள். குடும்பக் கஷ்டம் சொல்வார்கள். நான் நின்றுகொண்டே, சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். "தப்பு என்னோடது. நீ மாநாட்டுல பேசுறப்ப, பினாங்குக்காரன் ஒருத்தன் எழுந்து, இவங்க எல்லாம் ஹனீபா கடைக்குப் போறவங்கன்னு சொன்னா, உன் பதினோரு வருஷமும் போயிடும். அதான் வந்தேன்."

"பிரசாதத்தக் காப்பாத்த வரலியா?"

"அதுக்கும்தான்."

சிங்கப்பூர்ப் பேச்சை அவள் அன்றே திரும்பப் பெற்றாள். அடுத்த நான்கு நாட்கள் வீட்டில் என்னிடம் "காப்பி மாமா" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. காப்பியில் சர்க்கரை குறையவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வேறொரு கட்டுரை எழுதுகிறாளாம். நோயாளி டைரியில் எழுதுவதும் இரத்தம் சொல்வதும் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பது பற்றி. "டைரிய நம்பித்தான் நாங்க டயட் சொல்றோம் மாமா. அது பொய்னா மருந்தும் தப்பாப் போகும். ஏழு பேரும் ஒத்துக்கிட்டா போதும், இதுவே பெரிய விஷயம்."

"பேர் வராதுல்ல?"

"எண்ணு மட்டும்தான். படம் முப்பத்தொண்ணுக்குத்தான்."

கையெழுத்துப் போட்டேன். இதய மருத்துவர் என்ற முறையில், மாதம் இரண்டு புதன்தான், குழம்பு பாதி என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். வாசலில் நின்று திரும்பி, "கல்யாணத்துக்கு வச்ச நிபந்தனை இன்னும் இருக்கா மாமா?" என்றாள்.

"வீட்டுக்குள்ள இருக்கு" என்றேன்.

எங்கள் சமையலறையில் எதுவும் மாறவில்லை. மேடையில் நான்கு தலைமுறை என்று சொல்வதை நிறுத்தி மூன்று என்கிறேன். இதுவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமனாரும் மருமகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிடுவது முறையல்ல. ஹனீபாவிடம் நானே போய்ப் பேசினேன். அவளுக்கு வியாழக்கிழமையைக் கொடுத்திருக்கிறார்.