கெடுத்த படம்

இருசப்பனின் மார்பிலிருந்த மூன்று சூட்டுத் தழும்புகளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் கை நின்றது.

"இது என்ன பெரியவரே?"

"நெஞ்சு ஓயாம அடிச்சிக்கினே கெடந்திச்சி. மலையில ஒருத்தன் கம்பியக் காச்சி இழுத்தான். நிக்கல. நீங்களும் சுடத்தான போறீங்க?"

"ஆமா. ஆனா எங்க சுடணும்னு பாத்துட்டுத்தான் சுடுவேன்."

அவர் நம்பவில்லை. வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டியே முதுகு வளைந்தவர். எடை போடுகிறவனைக்கூட ஏறிட்டு முறைத்துவிட்டுத்தான் நகர்வார். இப்போது நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டியது, கத்தி பிடிக்க முடியவில்லை. அழுது மடக்கித்தான் மகள் செல்லியம்மாள் அவரைச் சென்னைக்குப் பஸ் ஏற்றியிருந்தாள்.

தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய ஒயரை இதயத்தின் மேலறைக்கு ஏற்றினார்கள். அது தொட்ட இடமெல்லாம் இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சாரம் எப்போது வந்து போகிறதென்று, படமெடுக்கிற பெண் தெரசா திரையில் நிறம் நிறமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அசையாதீங்க என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது இருசப்பனுக்கு. வெடுக்கென்று எழும்பித் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ தாத்தா!"

அவர் அசைந்ததில் படம் இடம் மாறிவிட்டது. அதை நம்பிச் சுட்டால் வேறு இடம் பொசுங்கும். ஏச்சு விழப்போகிறதென்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அழிச்சிடு தெரசா, மொதல்லேருந்து எடுப்போம்," என்றார் டாக்டரம்மா. "திரையப் பெரியவர் பக்கம் திருப்பு."

இரண்டாவது படம் வளர்வதை அவரே பார்த்தார். மேலிருந்து கீழே இறங்கிப் போகவேண்டிய மின்சாரம் செக்குமாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு குறுகலான சந்து.

"இந்தச் சந்த அடைச்சா சுத்து நிக்கும். இங்க மட்டும் சுடட்டுமா?"

"சுடு தாயி."

சுரீரென்றது. பல்லைக் கடித்தார், அசையவில்லை. திரையில் சுற்று அறுந்தது. மாதக்கணக்காக அடித்த நெஞ்சு சட்டென்று அடங்கியது.

"செத்துட்டனா இன்னா?"

"செத்தவங்க இம்மாம் பேச்சு பேச மாட்டாங்க," என்றாள் தெரசா.

கரும்பு வெட்டு முடிந்து, மறுபடி காட்ட வந்தபோது, கல்வராயன் மலைப் பலாப்பழம் இரண்டைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்தபடி மாடிப்படி ஏறினார். மூச்சு வாங்கவில்லை.

"இன்னாத்துக்குத் தாத்தா ரெண்டு?"

"ஒண்ணு என்னப் பொழைக்க வெச்ச படத்துக்கு. இன்னொண்ணு நான் கெடுத்த படத்துக்கு. அன்னைக்கு நீங்க வள்ளுனு வுழுந்திருக்கலாம், வுழல. புடி, தோளு நோவுது."