ஒப்புக்கொண்டு போனவன்

என் தம்பி லதீசன் செத்தது சண்டையில். பலர் பார்க்கத் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்றவனை, இடையில் ஒருவரும் வரக்கூடாது என்று பேசிவைத்து, இங்கே நோர்வேயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஹவுகெட்டோ ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் தனியாகச் சந்திக்கப் போனான். கையால் ஒரே குத்து. விழுந்த இடத்தில் கல் இருந்தது. பொலிஸ் வீட்டுக்கு வந்து சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான்: உங்கள் மகனும் ஒப்புக்கொண்டுதான் போயிருக்கிறார்.

அப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டு போனவனுக்கு நான் ஏன் காரியம் செய்ய வேண்டும் என்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யாமலே போய்விட்டது. கடலில் கரைக்க ஆளில்லாமல் தம்பியின் சாம்பல் தகனசாலையிலேயே கிடந்தது. அம்மா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

அவருக்குப் புதிதாக ஒரு பழக்கமும் வந்திருந்தது. பின்னேரம் வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது திடீரென்று எழும்பிப் போய்க் கதவைத் திறப்பார். வெளியே ஒருவரும் இருக்கமாட்டார்கள். வாசல் மணி அடித்த மாதிரி இருந்தது என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்டதில்லை. வீட்டுச் சாவியை எப்போதும் மறந்துவிட்டுப் போய், மணியை இரண்டு தரம் அடிக்கிறவன் லதீசன். அந்த வீட்டில் தனியாக இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நான் சட்டம் படிக்கிறவள். அந்த நாட்களில் பழைய சட்டங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். டென்மார்க் ராசா நோர்வேயையும் ஆண்ட காலத்தில், இப்படிப் பேசிவைத்துச் சண்டை பிடித்துக் கொன்றவனுக்கு மரண தண்டனை. செத்தவனையும் சும்மா விடவில்லை. தேவாலய மண்ணில் அவனைப் புதைக்கக் கூடாது. வாசித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கும் அவர் வெறும் வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வந்து இருந்தார். நான் பொறுக்கமாட்டாமல் ராசாவின் சட்டத்தைச் சொன்னேன்.

"செத்தவனுக்கும் தண்டனை குடுத்த சட்டம் அப்பா அது. அவங்களே அதை எப்பவோ கைவிட்டிட்டாங்கள். நீங்கள் இன்னும் வைச்சிருக்கிறியள்."

அவர் கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தண்டனை இல்லைப் பிள்ளை. காரியம் செய்தா அவன் போயிடுவான். பிறகு ஆர் வந்து மணி அடிக்கிறது?"

அம்மா சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தாள். இவ்வளவு நாளும் அவரைக் கல்நெஞ்சன் என்று திட்டியிருந்தேன்.

மணி அடித்தது. இரண்டு தரம்.

அப்பா எழும்பவில்லை. எனக்கும் கேட்டதா என்று என் முகத்தைப் பார்த்தார். கதவைத் திறக்க ஓடியது நான்தான்.